ஒரு மூடித் தண்ணீர்

செம்பில் தண்ணீர் குறைந்திருந்தது.

காலையில் வேலைக்குப் போகும்போது சிவசக்திதான் அதை விளிம்பு வரை நிரப்பி, அம்மா செத்த கட்டிலின் தலைமாட்டில், விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். கருமாதி முடியும்வரை விளக்கு அணையக்கூடாது, செம்பு வற்றக்கூடாது என்பது வழக்கம். சாயங்காலம் வந்து பார்த்தால் கழுத்துக்குக் கீழே இறங்கிக் கிடக்கிறது. விளக்குச் சூட்டில் வற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நமுனுகுல மலையடியில், துவைத்துப் போட்ட சட்டை நாள் கணக்கில் காயாத மழைக்காலத்தில், ஒரு சிட்டி விளக்கின் சூட்டில் அரைச் செம்புத் தண்ணீர் வற்றுமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

மறுபடி நிரப்பினாள். கட்டிலில் மெத்தை இல்லை. அதை அம்மாவின் துணிகளோடு சேர்த்து எரித்தாகிவிட்டது. வெறும் பலகைதான். முன்திண்ணையான இஸ்தோப்பு வழியாக மூடுபனி உள்ளே வந்து, பலகைமேல் கொஞ்ச நேரம் தங்கி, கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் ஏறி அடுத்த வீட்டுக் காம்பராவுக்குப் போனது. டெட்டோல் வாசனை இன்னும் இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. எத்தனை தடவை தரையைக் கழுவினாலும் அது போவதாயில்லை.

அம்மா பேச்சாயிக்குக் கர்ப்பப்பையில் புற்று. பதுளை ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிட்டு, இனி வீட்டில் வைத்து நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். புறப்படும்போது லதுஷா என்ற யாழ்ப்பாணத்துத் தாதிதான் வாசல்வரை கூட வந்தாள்.

"கேக்கிற நேரமெல்லாம் தண்ணி குடுங்கோ அக்கா. படுக்கை நனைஞ்சால் நனையட்டும், மாத்திப் போடலாம்."

நனைந்தது. அம்மாவால் எதையும் அடக்க முடியவில்லை. உள்ளே போன தண்ணீர் அப்படியே படுக்கைக்கு வந்தது. மெத்தைமேல் ரப்பர் விரிப்பு, அதன்மேல் பழைய சேலை, அதை மாற்றுவதற்குள் அடுத்தது. மழையில் எதுவும் காயாது. மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய் அலசி, அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டால் சமைக்கிற சோற்றிலும் அந்த வாசனை. சிவசக்தி ஒன்றும் அருவருப்புப் பார்க்கிறவள் இல்லை. அவள் வேலையே அதுதான். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்கிற பிள்ளைக் காம்பராவில், ஊரார் பிள்ளைகளுக்குப் பகலெல்லாம் முகம் சுளிக்காமல் துணி மாற்றுகிறவள். சுடவைத்து ஆறிய தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டுகிறவள். அவள் தூக்கினால் அழுகிற பிள்ளையும் அடங்கிவிடும் என்று தோட்டமே சொல்லும்.

ஒருநாள் காலையில் அவசரத்தில் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்க மறந்துபோனாள். மத்தியானம் ஓடிவந்து கையை அடியில் விட்டுப் பார்த்தாள். படுக்கை காய்ந்திருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு அளவு வந்தது. மருந்துப் போத்தலின் மூடிதான் அளவு. காலையில் ஒரு மூடி, மத்தியானம் ஒரு மூடி, படுக்கும்போது ஒரு மூடி.

"பாப்பா, ஒரு வாய் தண்ணி."

"இப்பத்தானேம்மா குடுத்தேன்."

"நாக்கு ஒட்டிக்குதுடி."

"தண்ணி கூடினா ஒனக்குத்தாம்மா கஷ்டம்."

அம்மா செம்பை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள் என்று அதை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தாள். அதற்குப் பிறகு அம்மா கேட்பதை விட்டுவிட்டாள். படுத்தபடியே அலுமாரி உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நாள் மத்தியானம் சிவசக்தி வந்தபோதும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவசக்தி பழக்கத்தில் முதலில் கையை அடியில் விட்டு ஈரம் பார்த்தாள். இல்லை. அப்பாடா என்று கையை எடுத்த பிறகுதான் உடம்பு சில்லிட்டிருப்பது தெரிந்தது. வாய் திறந்திருந்தது. நாக்கு உள்ளே காய்ந்து சுருண்டிருந்தது.

இழவுக்கு வந்த பெண்கள் மெத்தையைத் தடவிப் பார்த்து மூக்கில் விரலை வைத்தார்கள். இத்தனை மாதம் கிடந்த உடம்புக்கு அடியில் ஒரு பொட்டு ஈரம் இல்லையே, மகளென்றால் இவளல்லவா மகள் என்றார்கள். சிவசக்தி ஓவென்று அழுதாள். பெண்கள் இன்னும் அதிகமாகப் பாராட்டினார்கள். அந்த மூடியை அவள் அன்றே சாக்கடைக் கானில் எறிந்துவிட்டாள்.

குறைந்த செம்பை மறுபடி நிரப்பி வைத்த அடுத்த நாள் சாயங்காலம் அது காலியாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் செம்போடு அடுப்படியில் இருந்த தண்ணீர்க் கேத்தலும்.

எலி, பூனை என்று ஏதாவது சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆசைதான். விளக்கில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து லெட்சுமி அத்தை குரல் கொடுத்தாள். வரிசை வீடுகளான லயத்தில் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் மருந்து சொல்வார்கள்.

"என்னாடி சக்தி, ஒன் தம்பி ஜீவன் திரும்பி வந்துட்டானா?"

"இல்லீங்க அத்தை. கருமாதிக்குத்தான் வருவான்."

"அப்ப பகல் முழுக்க ஒங்க வீட்ல யாரு தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தது? மடக்கு மடக்குன்னு. நீதான் லீவு போட்டுட்டியோன்னு நெனச்சேன்."

சிவசக்தி ஊற்றிய எண்ணெய் விளக்கு நிறைந்து தரையில் வழிந்தது.

அவள் லயத்தை விட்டு ஓடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. என்னவென்று சொல்வாள்? அதற்குப் பதிலாக வாளியைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனாள். குடிக்கட்டும், வயிறு நிறைய, தாகம் தீரக் குடிக்கட்டும். கருமாதிக்குள் அந்த வறண்ட நாக்கு நனைந்துவிட்டால் அம்மா தன்னை மன்னித்துவிட்டுப் போய்விடுவாள் என்று நம்பினாள். அந்த ஒரு நம்பிக்கைதான் அவளை நடமாடவைத்தது. வாளி வைத்தாள். வாளி வற்றியது. குடம் வைத்தாள். குடமும் வற்றியது. தனி ஆளுக்கு இவ்வளவு தண்ணீரா என்று பீலியில் கேட்டவர்களுக்கு வீடு கழுவுகிறேன் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்நேரம், மூடுபனி இஸ்தோப்பில் வந்து அடைத்துக்கொண்டு எதிர் லயமும் தேயிலை மலையும் ஒன்றுமில்லாமல் போன நேரத்தில், கட்டிலுக்கு எதிரே பலகைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டில் தொலைக்காட்சி முணுமுணுத்தது. பிறகு அந்தச் சத்தங்களெல்லாம் எங்கோ பின்னால் போயின.

தண்ணீரின் ஓரம் பள்ளமானது. உதடு வைத்த மாதிரி.

ஒரு மடக்கு. நின்றது. மூச்சு வாங்குகிற நேரம். இன்னொரு மடக்கு.

அம்மா அப்படித்தான் குடிப்பாள்.

"குடிம்மா," என்றாள் சிவசக்தி. "நல்லா குடி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

தண்ணீர் இறங்கியது. அடி தெரிந்தது. காய்ந்த தகரத்தை நாக்கு வழிக்கிற சத்தம். சொர சொரவென்று. நிற்கவில்லை.

கருமாதிக்குத் தம்பி ஜீவன் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்தான். மொட்டையடித்து, ஆற்றில் முழுகி, செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான். பொழுது சாயும் நேரத்தில் படையல் போட்டார்கள். கட்டிலுக்கு முன்னால் வாழையிலை விரித்து, ரொட்டியும் கட்டச் சம்பலும் நெத்தலிக் குழம்பும் வெற்றிலையும் வைத்தார்கள். ஒரு கோப்பை பால் விடாத தேயிலைச் சாயத் தண்ணியும் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரும் வைத்தான் ஜீவன்.

"கடைசியா அம்மா ஏதாச்சும் கேட்டுச்சா அக்கா? வாங்கி வச்சிருப்பேனே."

"ஒண்ணும் கேக்கலடா."

சொல்லிவிட்டு அவள் பின்பக்கம் போய் நிறை வாளியைத் தூக்கிவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்லோரும் வாளியைப் பார்த்தார்கள். அவளுக்குச் சரியான தூக்கமில்லை என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் இஸ்தோப்பில் நின்றார்கள். போனவர்கள் வந்து சாப்பிட்டுப் போகிற நேரம் அது. யாரும் உள்ளே இருக்கக்கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. பேச்சு அடங்கியது. மூடுபனி ஆட்களின் முகங்களைக் கழுத்தோடு மறைத்தது.

மடக்கு.

லெட்சுமி அத்தை நெஞ்சில் கையை வைத்தாள். "வந்துட்டா," என்றாள். பெண்கள் விசும்பினார்கள். ஜீவன் மொட்டைத் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அழுதான்.

மடக்கு. மடக்கு. மடக்கு.

விசும்பல் நின்றது. உள்ளே சத்தம் நிற்கவில்லை. வாளி சாய்ந்து தரையில் உரசியது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அதுவும் ஓய்ந்தது.

"நீ மொதல்ல போ சக்தி," என்றாள் அத்தை. அவள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "கடைசி வரைக்கும் பாத்தவதான் மொதல்ல போகணும்."

சிவசக்தி கதவைத் தட்டினாள். திறந்தாள். அவள் உள்ளே போனதும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ரொட்டியில் கை படவில்லை. சம்பல் அப்படியே. வெற்றிலை அப்படியே. கிளாஸ் காலி. கோப்பை காலி. வாளி கவிழ்ந்து கிடந்தது. விளக்கு எரிந்தது. அதன் வெளிச்சம் தரையில் எதிலோ பட்டு மின்னியது.

கட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

வெறும் பலகை. அதன் நடுவில், இடுப்பு கிடக்கும் இடத்தில், ஈரம். பலகை இடுக்குகளில் இறங்கி, தரையில் பரவி, இலையின் ஓரத்தைத் தொட்டு, அவள் கால் விரலுக்கு வந்தது.

சூடாக இருந்தது.

அவள் கத்தவில்லை. கொடியிலிருந்த பழைய சேலைத் துண்டை உருவினாள். மண்டியிட்டாள். துடைத்தாள். பலகையை நெருங்கியபோது அந்த வாசனை வந்து முகத்தில் அடித்தது. பலகை முனகியது, யாரோ துடைக்க வசதியாக ஒருக்களித்துப் படுக்கிற மாதிரி. துணி தோய்ந்தது. வாளியை நிமிர்த்திப் பிழிந்தாள்.

பிழிந்தது வாளியில் நிற்கவில்லை.

மடக்கு.

பலகையில் ஈரம் திரும்ப ஊறியது. துடைத்தாள். பிழிந்தாள். மடக்கு. ஊறியது. துடைத்தாள். கானில் எறிந்த மூடி கட்டில் காலடியில் கிடந்தது. காலியாக. மல்லாந்து.

வெளியே ஜீவன் கதவைத் தட்டினான்.

"அக்கா? நாங்க வரலாமா?"

"இருடா," என்றாள் சிவசக்தி. பிள்ளைக் காம்பராவில் பேசுகிற குரல் அது. "அம்மாவுக்குத் துணி மாத்திட்டு வர்றேன்."

தம்பி தட்டிக்கொண்டே இருந்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் துணியை வாளியில் பிழிந்தாள்.