பரண் கதவில் சிவப்புப் பூட்டு

வெண்டெல் ஹார்யுவின் வேட்டைப் பரணுக்குப் பூட்டே கிடையாது. இருந்தும் நவம்பர் பதினைந்தாம் தேதி, மான் வேட்டைக்காலம் பிறக்கும் காலையில், அதன் கதவில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது.

ஏணியின் ஒன்பதாவது படியில், கடைசிப் படியில், தோளில் துப்பாக்கியும் பல்லிடுக்கில் டார்ச்சுமாக நின்று அவன் அதைப் பார்த்தான். பரண் என்றாலும் அது பெட்டிதான். நான்கு கால்களின் மேல் நாலு பக்கமும் பலகை அடித்தது. மூன்று பக்கம் துப்பாக்கி நீட்டச் சந்து. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை, அதை மூடித் திறக்க நகரும் பலகைத் துண்டு. உள்ளே இருப்பது முதுகு உடைந்த ஆபீஸ் நாற்காலியும் பழைய கம்பளமும். அதைத் திருட யாரும் வரப்போவதில்லை. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கொண்டி போட்டிருந்தான். பூட்டு அந்தக் கொண்டியில்தான் மாட்டியிருந்தது.

பூட்டு இருந்ததைவிட, அது எந்த வகைப் பூட்டு என்பதுதான் அவனைக் குழப்பியது. அது ஆலைப் பூட்டு. காகித ஆலையில் இந்தச் சிவப்புப் பூட்டு எதையும் திருடு போகாமல் காப்பதற்கல்ல, ஓடாமல் காப்பதற்கு. ஒருவன் இயந்திரத்துக்குள் இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைப்பான். அதன் கைப்பிடியில் தன் பெயர் பொறித்த பூட்டை மாட்டுவான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குவான். அவனே வெளியே வந்து தன் கையால் திறக்கும்வரை அந்தச் சுவிட்சை யாராலும் மேலே தூக்க முடியாது. பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

அப்படியென்றால், சுவிட்சும் இல்லாத மின்சாரமும் இல்லாத ஒரு காட்டுப் பரணில் இது எதை ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது?

நின்று யோசிக்க நேரமில்லை. மாலை ஆறு முதல் காலை ஆறு வரை ஆலையில் இரவு ஷிப்ட். முடிந்ததும் வாசனையில்லாத சோப்பில் குளியல், ஏனென்றால் கூழ் வேகும் அழுகிய முட்டை நாற்றத்தை மான் அரை மைல் தள்ளியே பிடித்துவிடும். வேட்டை உடுப்பை ஊசியிலைக் கிளைகளோடு பிளாஸ்டிக் பெட்டியில் மூடி வண்டியின் பின்னால் வைத்திருப்பான். ஆலை வாசலில் மாற்றினால் மறுபடி நாற்றம் ஏறும் என்பதால் காட்டோரம் வந்துதான் பனியில் வெறுங்காலோடு நின்று மாற்றுவான். இதெல்லாம் முடிந்து பரணில் உட்கார வெளிச்சத்துக்கு முன் கால் மணி நேரம் மிஞ்சினால் பெரிய விஷயம். மத்தியானம் படுத்து நாலு மணிக்கு எழுந்து மறுபடி ஷிப்ட். நவம்பர் முழுக்க மூன்றரை மணி நேரத் தூக்கத்தில் ஓடும் உடம்பு அது.

வண்டிக்குப் போய், பூட்டு வெட்டும் கட்டரை எடுத்து வந்தான். ஓட்டைப் பலகையை நகர்த்தி உள்ளே ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பூட்டின் வளையத்தைக் கவ்வி அழுத்தினான். அறுந்த பூட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

உள்ளே யாருமில்லை. கம்பளம் மட்டும் ஈரமாக இருந்தது. கையை வைத்தால் வெதுவெதுப்பு, விரலில் சாம்பல் நிறக் கூழ்.

அன்று ஒரு மான்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்து சமையலறை விளக்கில் பூட்டைத் திருப்பிப் பித்தளைத் தகட்டைப் பார்த்தான். சல்மேலா என்று இருந்தது.

அந்தப் பூட்டை அவன் ஏற்கெனவே ஒரு முறை வெட்டியிருக்கிறான். வெட்டி, பாலத்திலிருந்து ஆற்றில் வீசியிருக்கிறான். சரியாக ஒரு வருடம் ஆகிறது.

வேட்டைக்காலம் பிறக்கும் விடியலில் அந்த ஊரில் யாரும் ஆலையில் இருக்க விரும்புவதில்லை. வேலை முடித்தவன் ஐந்து மணிக்கே நழுவுவான், கூட இருப்பவன் அவன் வருகை அட்டையை ஆறு மணிக்குப் பதிவு செய்வான், ஃபோர்மேன் வேறு பக்கம் பார்ப்பான். ஃபோர்மேன் வெண்டெல்தான். போன வருடம் அந்த இரவில், கூழ்த்தொட்டியைப் பார்த்துக்கொண்ட ஓரின் சல்மேலாவிடம் ஐந்துக்கு நீயும் கிளம்பு என்று அவனே சொல்லியிருந்தான். ஐந்தேகாலுக்கு வந்து பார்த்தால் தொட்டி நின்றிருந்தது, சுவிட்சில் ஓரினின் பூட்டு. மான் நினைப்பில் பூட்டை மறந்துவிட்டு ஓடிவிட்டான் என்றுதான் வெண்டெல் நினைத்தான். பகல் ஷிப்டுக்குத் தொட்டி ஓடும் நிலையில் கைமாறினால்தான் தானும் காட்டுக்குப் போக முடியும். போன் செய்யலாம், ஆனால் காட்டில் சிக்னல் கிடைக்காது. ஏறித் தொட்டிக்குள் பார்க்கலாம், ஆனால் இருபத்திரண்டு படி. வெட்டினான். சுவிட்சைத் தூக்கினான். அம்மீட்டர் முள் ஒரே ஒரு முறை எகிறி, பின் தன் இடத்துக்கு இறங்கியது.

தொட்டியின் அடியில் சுழலும் தகட்டில், காகிதக் கட்டுகளைக் கட்டிவரும் கம்பி சிக்கியிருந்ததாம். போகிற நேரத்தில் அதைக் கவனித்து, வெண்டெலுக்குத் தாமதமாகக் கூடாதே என்று ஓரின் இறங்கியிருந்தான்.

விசாரணையில் வெண்டெல் சொன்னது ஒரே வாக்கியம்: சுவிட்சில் பூட்டு எதுவும் இல்லை. அதை எல்லோரும் நம்பினார்கள். அந்த நாளில், அந்த நேரத்தில், யாருக்கும் புத்தி காட்டில்தான் இருக்கும். பூட்டுப் போடாமல் இறங்கிச் செத்து, இருபது டன் கூழையும் வீணாக்கியவன் என்று ஓரினின் பெயர் நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால் அந்தப் பெயர் துலங்கும், வெண்டெல் சிறைக்குப் போவான். இரண்டில் ஒன்றுதான் நடக்க முடியும். ஒரு வருடமாக அவன் ஒன்றையே நடத்திக்கொண்டிருந்தான்.

பரணில் பூட்டைக் கண்ட அன்றிரவு, ஷிப்டில் டுவேன் பெல்கியைத் தனியாகப் பிடித்தான். ஊரில் யார் வண்டிச் சக்கரத்தில் காற்று இறங்கினாலும் முதல் சந்தேகம் இவன்மேல்தான் விழும். டுவேன் இறைச்சி அடைத்த பாஸ்டியைக் கடித்துக்கொண்டே ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன தலைவரே, முதல் நாளே ஒண்ணும் விழலையா? மூஞ்சி தொங்குது."

"என் பரண்ல பூட்டு மாட்டினது நீதானே?"

"நான் மாட்டணும்னா உன் வாயிலதான் மாட்டியிருப்பேன். நாலு பேரு நிம்மதியா வேலை பார்ப்பாங்க." பிறகு மெல்வதை நிறுத்தினான். "பூட்டா? என்ன பூட்டு?"

சும்மா கேட்டேன் என்று வெண்டெல் நகர்ந்துவிட்டான்.

இரண்டாம் நாள் விடியலிலும் பூட்டு இருந்தது. அதே தகடு, அதே பெயர். இந்த முறை அவன் ஏணியில் நின்று காதைக் கதவில் வைத்தான். பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ வேலை செய்யும் சத்தம். குறடால் கம்பியைப் பிடித்து இழுப்பதும், மூச்சு வாங்குவதும், மறுபடி இழுப்பதும். அவசரமில்லாத, பழகிய கை. ஓட்டைப் பலகை அவன் மூக்குக்கு நேரே இருந்தது. ஒரு விரலால் நகர்த்தினால் போதும். அவன் விரல் அசையவில்லை. கட்டரைத் தூக்கி வெட்டினான்.

சத்தம் நின்றது. கதவுக்குப் பின்னால், தரைப்பலகையின் அடியிலிருந்து, ஒரு ரீங்காரம் ஏறி, அவன் பூட்ஸ் அடியில் அதிர்ந்து, அடங்கியது. உள்ளே ஒரு மனிதன் இருந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. தரை முழுக்கக் கூழ் மட்டும், காலடி வைத்தால் நடுப்பக்கம் வழுக்கியது. மட்டப்பலகை வைத்துத் தானே அடித்த தரை அது. ஏன் நடுவில் தாழ்ந்திருக்கிறது?

வீடு திரும்பும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினான். காபி மேசைக்குப் பின்னால் லொரெய்ன் நின்றாள், ஓரினின் மனைவி. வேட்டைக்காரர்கள் கூட்டம் அலைமோதும் பருவத்தில் மட்டும் அங்கே வேலைக்கு வருவாள். அவனைக் கண்டதும் கேட்காமலே காபி ஊற்றினாள். கூட்டம் விலகும்வரை காத்திருந்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள்.

"அவர் பல் விளக்காமக்கூட வேலைக்குப் போயிருக்காரு வெண்டெல். பூட்டுப் போடாம ஒரு நாளும் இறங்கினதில்லை. உங்களுக்குத் தெரியும்."

அன்று எல்லோருக்கும் தூக்கக் கலக்கம், என்றான் அவன்.

"லாக்கர்ல அவர் சட்டை இருந்துச்சு, தெர்மாஸ் இருந்துச்சு. பூட்டு மட்டும் இல்ல. நான் உங்கமேல பழி போட வரல. அது எங்க போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அதை எடுத்துட்டுப் போய் அவர் பக்கத்துல வச்சுடறேன்."

அவன் கை சட்டைப்பைக்குள் இருந்தது. அதற்குள் இரண்டு பூட்டுகள், குளிர்ந்த இரும்பு, தகட்டில் பொறித்த எழுத்துகள் விரல் நுனியில் தட்டுப்பட்டன. எடுத்து மேசைமேல் வைக்க ஒரு நொடி ஆகும்.

"பூட்டே இல்லையே, லொரெய்ன்," என்றான்.

அவள் தலையாட்டினாள். காபிக்குக் காசு வாங்கவில்லை.

மூன்றாம் நாள் பரணில் பூட்டு இல்லை.

தரையும் காய்ந்திருந்தது. வெண்டெல் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, இரண்டு நாளாக நெஞ்சில் அடைத்திருந்த காற்றை நீளமாக வெளியே விட்டான். சதுப்பின் மேல் மூடுபனி வெளுத்துக்கொண்டு வந்தது, தேவதாரு மரங்களிலிருந்து பனி பொத்துப் பொத்தென்று உதிர்ந்தது, துப்பாக்கி எண்ணெயும் ஊசியிலையும் கலந்த அந்த வாசனைக்காகத்தான் மனிதன் இரவெல்லாம் கண் விழித்து உழைக்கிறான் என்று அவனுக்குத் தோன்றியது. மரவரிசையிலிருந்து ஐந்து பெண்மான்கள் வெளியே வந்தன. பின்னால் கண்டிப்பாகக் கொம்புள்ள ஓர் ஆண்மான் வரும். அவன் துப்பாக்கியை மெல்ல உயர்த்தினான்.

மான்கள் மேயவில்லை. காதுகளை முன்னே குவித்துப் பரணைப் பார்த்தன. அவனை அல்ல. ஏணியை.

ஐந்து வெள்ளை வால்களும் ஒரே சமயத்தில் எழுந்தன. காடு காலியானது.

வெளியே கொண்டி விழுந்தது. அப்புறம் ஒரு சின்ன 'டிக்'.

கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. ஓட்டைப் பலகையை நகர்த்திக் கண்ணைச் சாய்த்துப் பார்த்தான். சிவப்புப் பூட்டு. தகடு அவன் பக்கம் திரும்பியிருந்தது.

ஹார்யு.

அவனுடைய பூட்டு. வண்டியில் நாற்பது நிமிடத் தூரத்துக்கு அப்பால், ஆலை லாக்கரில் தொங்க வேண்டியது. சாவி அவன் வளையத்தில் இருந்தது. ஓட்டை வழியே கையை விட்டான். முன்கை சிக்கியது. விரல் நுனிக்கும் பூட்டுக்கும் நடுவே நாலு அங்குலம்.

பிறகுதான் அவனுக்கு ஒரு விசித்திரமான நிம்மதி வந்தது. முப்பது வருடப் பழக்கம் அது. என் பூட்டு தொங்குகிறது, நான் உள்ளே இருக்கிறேன். தொங்கும்வரை எதுவும் ஓடாது. அது என்னை அடைக்கவில்லை. காக்கிறது.

ஏணியில் பூட்ஸ் சத்தம்.

அவன் எண்ணினான். ஏழு. எட்டு. ஒன்பது.

நிற்கவில்லை.

பத்து. பதினொன்று. ஈரமான பூட்ஸ். ஒவ்வொரு படியிலும் ஏதோ சொட்டியது. இருபது. இருபத்தொன்று.

இருபத்திரண்டு.

ஓட்டை இருண்டது. முகம் என்று சொல்ல முடியாது. சாம்பல் கூழ், அதில் ஒட்டிய காகிதத் துணுக்குகள், நடுவே ஒரு கண். அது அவனை வெறிக்கவில்லை. மூலை மூலையாகப் பார்த்தது. நாற்காலியை. துப்பாக்கியை. கடைசியில் அவனை. நன்றாகப் பார்த்தது. பலகைத் துண்டு மெதுவாக, மரியாதையோடு, மூடிக்கொண்டது.

சட்டைப்பையில் போன் அடித்தது.

இந்தக் காட்டில் ஒரு நாளும் அடித்ததில்லை. காதில் வைத்தான். தொட்டியடியின் இரைச்சல். அதற்குள் தெரிந்த குரல்.

"வெண்டெல், உள்ள இருக்கியா?"

"இருக்கேன். ஓரின், நான் உள்ளதான்பா இருக்கேன். பூட்டு இருந்துச்சுன்னு சொல்லிடறேன். இப்பவே போய் லொரெய்ன்கிட்ட சொல்லிடறேன்."

"சரி," என்றது குரல். கோபமே இல்லை. "கேட்டுக்கணும்ல."

அழைப்பு அறுந்தது. வெளியே கட்டரின் இரண்டு வாயும் பூட்டின் வளையத்தைத் தேடிப் பிடிப்பது கேட்டது. இரும்போடு இரும்பு.

அடுத்தவன் பூட்டை வெட்ட ஆலையில் ஒரு விதிமுறை உண்டு. ஏறி உள்ளே பார். அவனையே கூப்பிட்டுக் கேள். இரண்டும் செய்தபின் வெட்டு. ஓரின் இரண்டும் செய்துவிட்டான். எந்த வேலையையும் அவன் அரைகுறையாகச் செய்தவனில்லை.

வளையம் அறுந்தது.

அடியில் ரீங்காரம். நாற்காலி நடுவை நோக்கி வழுக்கியது. கம்பளம் ஒரு பக்கமாக இழுபட்டது. சந்து வழியே தெரிந்த மரங்கள் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தன. பிறகு வேகமாக.

பூட்டு எதை ஓடவிடாமல் பிடித்து வைத்திருந்தது என்று வெண்டெலுக்குத் தெரிந்தது. தரையை.