மூக்கில் படக் கூடாது

ஒட்டகச்சிவிங்கி லோடு ஆட்டோவில் ஏறிப் படுத்துவிட்டது. அட்டையில் செய்ததுதான். ஆனாலும் கழுத்து மட்டுமே எட்டடி. ஒன்பது மணிக்குப் பள்ளி நாடகம். முதல் காட்சியே அதற்குத்தான்.

ஆட்டோவோ அசைவேனா என்றது.

"இன்னொரு தடவை பாருங்கப்பா," என்றாள் வாயாடி. வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

அப்பா சாவியைத் திருகினார். எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. மணி எட்டேகால்.

பட்டறையில் எஞ்சின் பிரித்துப் பூட்டுவது அம்மாவின் வேலை. அவளையே நேற்று அரை நாள் மல்லுக்கட்ட வைத்தது இந்த ஆட்டோவின் பழைய ஸ்பார்க் பிளக். திருகும் மரை இறுகி, கழலவே மாட்டேன் என்றது. அதனால்தான் புதுப் பிளக்கோடு, மரை இறுகாமல் இருக்கத் தடவும் வெள்ளிநிறப் பசையையும் அப்பாவிடம் கொடுத்து, மாட்டச் சொல்லிவிட்டு, அம்மா காலையிலேயே வேலைக்குப் போயிருந்தாள்.

"பசை தடவினீங்களா?"

"தடவினேனாவா? பாதி டப்பா காலி!"

வாயாடி அப்பாவை உற்றுப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே திருடன் மாதிரி கைக்குட்டை கட்டியிருந்தார்.

"மூஞ்சியில எதுக்குப்பா அது?"

"மூக்குல மட்டும் பட்டுடக் கூடாதுன்னு உங்கம்மா மூணு தடவை சொன்னா. ஒரு பொட்டு படல, பாரு!"

வாயாடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயோ அப்பா! உங்க மூக்கை யாரு கேட்டா? பிளக்கோட மூக்கு! நுனியில பசையை அப்பினா பொறி எப்படி வரும்?"

"அவ தெளிவா சொல்லியிருக்கலாம்ல?" என்று முனகினார் அப்பா.

வாயாடி ஸ்பேனரைப் போட்டுத் திருகினாள். பிளக் சமர்த்தாகக் கழன்று வந்தது.

"பாத்தியா? என் பசையோட மகிமை!" என்று மார்தட்டினார் அப்பா.

நுனி வெள்ளிக் கட்டியாக இருந்தது. பெட்ரோலில் நனைத்த துணியால் அதைப் பளிச்சென்று துடைத்தாள். மரையில் மட்டும் மெல்லியதாகப் பசையை விட்டுவைத்து, திரும்ப மாட்டினாள்.

சாவி திரும்பியது. ஆட்டோ 'டுபுடுபு'வென்று உறுமியது. ஒட்டகச்சிவிங்கி தலையாட்டியது.

பள்ளி வாசலில் அதை இறக்கும்போது அம்மா போனில் அழைத்தாள்.

"வண்டி கிளம்பிச்சா? மூக்குல பசை படலையே?"

வாயாடி அப்பாவைப் பார்த்தாள். வியர்க்கிறதென்று கைக்குட்டையை அவிழ்த்தவர், பசைக் கையாலேயே முகத்தைத் துடைத்திருந்தார். மூக்கு வெள்ளியாக மின்னியது. சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"பிளக் மூக்குல படலம்மா," என்றாள் வாயாடி.