பார்க்கிலேயே இருக்கட்டும்

சிங்கப்பூரின் கேலாங்கில் அந்த வீட்டு வாசலுக்கு இழுவை லாரி போய்ச் சேர்ந்தபோது வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டேகால். ரஃபீக்குக்குத் தொழுகைக்குப் போகிற அவசரம். அவனை நேரத்தோடு அனுப்பிவைக்க வேண்டுமே என்று ரமணனுக்குக் கவலை. எட்டு வருஷக் கூட்டாளிகள் அவர்கள்.

உடைக்கப் போகிற பழைய கார், கேட்டை நோக்கிச் சரிகிற முற்றத்தில் அதைப் பார்த்தபடி நின்றது. பேட்டரி செத்து, ஆட்டோமேட்டிக் கியர், சக்கரத்தை உருளவிடாத ‘பார்க்’கில் மாட்டிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் தன் கணவர் அங்கமுத்துவை அதே கேட்டில்தான், நியூட்ரலில் உருண்டுவந்த கார் நசுக்கியது என்றார் சிவகாமசுந்தரி அம்மா.

“தம்பி, நியூட்ரலுக்கு மட்டும் மாத்தாதீங்க. அப்படியே தூக்கிட்டுப் போயிடுங்க.”

தூக்குவதென்றால் அரைமணி ஆகும். பாவம், துக்கத்தில் பேசுகிறார் என்று ரமணன் நினைத்துக்கொண்டான். கதவைத் திறந்ததும் கோடாலித் தைல வாசம் குப்பென்று அடித்தது. கியருக்குப் பக்கத்திலிருந்த சின்ன மூடியை நெம்பி எடுத்து, கியர் பூட்டை விடுவிக்கிற துளைக்குள் ஸ்குரூடிரைவரை விட்டான். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் இதை அமுக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவன், அன்றைக்கு மறந்து தொலைத்தான்.

டிக்.

கியர் நியூட்ரலுக்கு நழுவியது. கார் உருண்டது. கேட்டுக்கு வெளியே, லாரியின் பின்னால் குனிந்து கொக்கியை இழுத்துக்கொண்டிருந்த ரஃபீக்கின் இடுப்பு, லாரிக்கும் பம்பருக்கும் நடுவில் சிக்கியது. எலும்பு நொறுங்குகிற சத்தம் உள்ளே வரை கேட்டது.

ரமணன் பதறிப்போய் ஹேண்ட்பிரேக்கை இழுத்தான்.

அவன் கைமேல் இன்னொரு கை விழுந்தது. சில்லென்று, ஈரமாக. ஹேண்ட்பிரேக்கை அது கீழே தள்ளியது.

இஞ்சின் ஓடாத கார், மேட்டில் பின்னோக்கி ஏறியது.

நின்றது.

மறுபடி இறங்கியது.

மூன்றாவது தடவைக்குப் பிறகு ரஃபீக் அலறவில்லை. முன்கண்ணாடி முழுக்க ரத்தம்.

ஹேண்ட்பிரேக் போடாதது தன் தப்புதான் என்று போலீசிடம் ரமணன் ஒப்புக்கொண்டான். அந்தக் கையைப் பற்றி மூச்சுவிடவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? மணிக்கட்டில் ஐந்து விரல் தடம் கறுத்துக் கிடந்தது. விசாரணை முடிந்ததும் காரைத் தூக்கிக்கொண்டுபோய் உடைக்கிற யார்டில் போட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில் அந்த யார்டில் வேலை பார்க்கிற, பழக்கமான அர்ஃபான் போன் செய்தான். அந்தக் காரின் கியர் திரும்பவும் பார்க்கில் மாட்டியிருக்கிறது, எப்படி எடுப்பது என்று கேட்டான்.

ரமணன் போனில் கத்தினான். “எதையும் தொடாத. காருக்கு முன்னாடி யாரும் நிக்கக் கூடாது.”

“நான்தான் நிக்கறேன், கொக்கி மாட்டணும்ல. பயப்படாதீங்கண்ணே, நீங்க அனுப்பின பெரியவர் உள்ளதான் உக்காந்திருக்காரு. ஒரே தைல வாசம் லா. இதோ, அவரே அமுக்கறேங்கறாரு.”

“அர்ஃபான், தள்ளிப் போ.”

போனில் டிக் என்று கேட்டது.