பன்னிரண்டு கணக்கும் ஒரு கதவும்

அந்த வீட்டில் இருந்தவர்களை ஒரு கதவு பயமுறுத்திக்கொண்டிருந்தது. இருந்தவர்கள் என்றால் இரண்டே பேர்: அப்பா ஒருவர், மகள் ஒருத்தி. கதவு, கழிப்பறைக் கதவு.

அப்பாவுக்கு பேக்கரியில் அடுப்பு வேலை. விடிவதற்கு முன்பே போய்விட்டு, மதியம் உடம்பெல்லாம் மாவு வாசனையோடு திரும்புவார். மகளுக்குப் பத்து வயது. ஒல்லியாகவும் விறைப்பாகவும் இருந்ததால் அவளுக்கு ரஸ்க்கு என்று பெயர் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் அவளுக்கு வேறு பெயர்.

ரஸ்க்கு நாலு மணிக்கு வீடு திரும்புவாள். கொஞ்ச நாளாக, அவள் வரும் நேரத்தில் அந்தக் கதவு சாத்தியே இருந்தது. அவள் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். முதலில், மூன்று கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அப்பா வெளியே வந்தார். அடுத்த வாரம் ஏழு கணக்கு ஆயிற்று. இந்த வாரம் பன்னிரண்டு கணக்கையும் போட்டு, விடையெல்லாம் சரிபார்த்த பிறகும் கதவு திறக்கவில்லை.

உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே எதுவும் கேட்கக் கூடாது என்று அப்பா வேண்டுமென்றே திறந்துவிட்டிருந்தார். ஆனால் ரஸ்க்குக்குப் பாம்புக் காது. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது அவளுக்குக் கேட்டது.

ஒருவழியாக அப்பா வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு கை வயிற்றில்.

"என்னப்பா இவ்வளவு நேரம்?"

"சோப்பு தேடினேன்மா."

சோப்பு சமையலறை ஜன்னலில் இருந்தது. காலையில் கை கழுவிவிட்டு அவரேதான் அங்கே வைத்தார். ரஸ்க்கு அதைச் சொல்லவில்லை.

அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. போன வருஷம் ஒரு நாள், வயிறு கொஞ்சம் சரியில்லை என்றாள் அம்மா. நாளைக்குச் சரியாகிவிடும் என்றாள். எத்தனையோ நாளைகள் போயின. பிறகு பெரிய ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்தாள். கட்டில் மட்டும் வேறு யாருக்கோ திரும்பக் கிடைத்தது. அம்மா திரும்பக் கிடைக்கவில்லை.

அதிலிருந்து அந்த வீட்டில் சமையல் என்று ஒன்று கிடையாது. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் ரொட்டிதான். காலையில் ரொட்டி, மதியம் ரொட்டி, சாயங்காலம் பன். அதுவும் மகளுக்கென்று பஞ்சு மாதிரி மெத்தென்று, பால் மாதிரி வெள்ளையாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வருவார். ரஸ்க்குக்காவது பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு காய்கறியோடு கிடைத்தது. அப்பாவுக்கு அதுவும் இல்லை. அம்மா நிரப்பி வைக்கும் காய்கறிக் கூடையில் இப்போது குடையும் ஷூ பிரஷ்ஷும் கிடந்தன.

"டாக்டர்கிட்ட போலாமாப்பா?" என்று அன்று கேட்டாள்.

"எனக்கென்னம்மா? கல்லு மாதிரி இருக்கேன்," என்றார் அப்பா. சொல்லிவிட்டு, நிமிர முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அவர் பயப்படுகிறார் என்று ரஸ்க்குக்கு அப்போதுதான் புரிந்தது. வலியைவிட டாக்டர் என்ன சொல்வாரோ என்பதுதான் அவருக்குப் பெரிய பயம். அவளுக்கும் அதேதான். ஆனால் இரண்டு பேரும் பயந்து உட்கார்ந்திருந்தால் அந்தக் கதவை யார் திறப்பது?

மறுநாள் சனிக்கிழமை. பேக்கரிக்கு விடுமுறை, பள்ளிக்கும் விடுமுறை. காலையில் ரஸ்க்கு சமையலறைத் தரையில் சுருண்டு படுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, வயிறு வலிக்குது."

அப்பாவின் முகம் மாவாக வெளுத்தது. அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினார். ஒரு காலில் அவருடைய செருப்பு, மறு காலில் அவளுடைய செருப்பு. அதில் பாதிக் கால்தான் நுழைந்திருந்தது. அவருடைய நெஞ்சு திம் திம் என்று அடிப்பது அவள் கன்னத்தில் இடித்தது. இப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் இறங்கவில்லை.

தெருமுனைக் கிளினிக்கில் டாக்டரம்மா அவளை உயரமான கட்டிலில் உட்கார வைத்து, எந்த இடத்தில் வலி என்று கேட்டார். ரஸ்க்கு விரலை நீட்டினாள். விரல் அவள் வயிற்றுக்குப் போகவில்லை. அப்பாவின் வயிற்றுக்குப் போனது.

"அங்கதான் வலிக்குது டாக்டர். ரொம்ப நாளா."

டாக்டரம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"என்ன ரஸ்க்கு இது?" என்றார் அப்பா.

"உங்களுக்குன்னா நீங்க வர மாட்டீங்க. எனக்குன்னா ஓடி வருவீங்க. அதான்."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டரம்மா ரஸ்க்கை இறக்கிவிட்டு, அதே கட்டிலைத் தட்டிக்காட்டி அப்பாவைப் படுக்கச் சொன்னார்.

பிறகு கேள்விகள் வந்தன. ரத்தம் போகிறதா? இல்லை. எடை குறைந்ததா? இல்லை. வாந்தி, காய்ச்சல்? இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ரஸ்க்கு மூச்சைப் பிடித்தாள். ஒவ்வொரு இல்லைக்கும் விட்டாள். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்கு," என்றார்.

"அப்பாவும் அதைத்தான் சொன்னார்," என்றாள் ரஸ்க்கு.

கடைசியாக, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அப்பா சொன்னார். வேறு என்ன என்று கேட்டார். வேறு ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நம் பெருங்குடலில் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன என்றார். அவற்றுக்குச் சாப்பாடு, நமக்குச் செரிக்காத நார். தானியத்தின் தோல், பயறு, வெங்காயம், பூண்டு, கீரை, வாழைப்பழம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. நார் வந்தால் அவை சாப்பிட்டுக் குடலையும் நலமாக வைக்கும். மிச்ச நார் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கழிவை மெத்தென்று ஆக்கும். வெள்ளை ரொட்டியில் நார் மிகவும் குறைவு.

"உங்க வயித்துல இருக்கறவங்க ஒரு வருஷமா அரைப் பட்டினி."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பேக்கரியில் தினமும் தவிட்டைச் சலித்து எடுப்பதே தான்தான் என்றும், மூட்டை மூட்டையாக அதை மாட்டுக் கொட்டகைக்கு ஏற்றி அனுப்புவதாகவும் மெல்லச் சொன்னார்.

"மாடெல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ரொம்ப சௌக்கியம்."

"இருக்கும், இருக்கும்."

இது பயப்படும்படியாகத் தெரியவில்லை, இருந்தாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம், முடிவு செவ்வாய்க்கிழமை வரும் என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் ரஸ்க்கின் காதில் ஏறவில்லை. அம்மாவுக்கும் ஒரு முடிவு வந்தது. அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமைதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா கண்ணயர்ந்த நேரத்தில் ரஸ்க்கு வேலையில் இறங்கினாள். ஒரு வருஷப் பட்டினியை ஒரே வேளையில் தீர்த்துவிடுவது என்று முடிவு. கடைக்குப் போய்ப் பயறும் வெங்காயமும் பூண்டும் வாங்கி வந்து, கைநிறையப் பயறு வேகவைத்தாள். இரண்டு வெங்காயமும் ஆறு பல் பூண்டும் போட்டாள். மாட்டுக் கொட்டகைக்குப் போகாமல் அன்று காலை அப்பாவோடு பேக்கரியிலிருந்து தப்பி வந்த தவிட்டில் இரண்டு கைப்பிடி அள்ளிக் கலந்தாள். கரண்டி நெட்டுக்குத்தாக நின்றது.

மகள் சமைத்த முதல் சூப். அப்பா அதைக் கிட்டத்தட்ட மென்றே குடித்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு அவர் வயிறு பலூன் மாதிரி உப்பியது. ஐந்து மணிக்குக் கட்டிலில் சுருண்டு படுத்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. சரியாப் போயிடும்."

அம்மாவும் இப்படித்தான் சொன்னாள். வலியோடு இருந்தவரை நானே இன்னும் கெடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை வரைகூட அவர் இருக்க மாட்டார். கிளினிக்குக்கு ஓடலாம் என்றால் ஞாயிறு சாயங்காலம் அது பூட்டியிருக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கு, அந்த ஜன்னலோரக் கட்டிலுக்கு, அவரைக் கூட்டிப்போக வேண்டுமா?

என்ன செய்வது என்று தெரியாமல் அவர் வயிற்றின் மேல் காதை வைத்தாள்.

உள்ளே குடுகுடுவென்று சத்தம். குளுக் என்று ஒன்று. பிறகு நீளமாக ஒரு பொருமல்.

இந்தச் சத்தத்தை எங்கோ கேட்டிருக்கிறோமே?

பேக்கரி அலமாரியில்தான். அங்கே ஒரு பெரிய ஜாடியில் புளிச்ச மாவு இருக்கும். ரொட்டியை உப்ப வைக்கும் நுண்ணுயிர்கள் அதில் இருந்தன. அதற்குத் தினமும் புது மாவு போட வேண்டும். நாலு நாள் விடுமுறைக்குப் பிறகு ஒரு தடவை அது வற்றிப்போய்க் கிடந்தது. பாவம் பார்த்து ரஸ்க்கு ஒரு சட்டி மாவை மொத்தமாகக் கொட்டிவிட்டாள். மதியத்துக்குள் ஜாடி இதே மாதிரி குடுகுடுத்து, மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, கீழே நின்ற அப்பாவின் தொப்பியில் வழிந்தது. அப்போது அப்பா திட்டவில்லை. பட்டினி கிடந்ததற்கு ஸ்பூன் ஸ்பூனாகத்தான் போட வேண்டும், மொத்தமாகப் போட்டால் காற்றைக் கிளப்பிவிடும் என்று மட்டும் சொன்னார்.

"அப்பா," என்றாள் ரஸ்க்கு, காதை எடுக்காமல். "ஜாடி பொங்குது."

அப்பா ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு அவருக்கும் புரிந்தது. புரிந்த அதே நேரத்தில், அந்தக் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சாதாரணச் சத்தம் இல்லை. ஜன்னலில் உட்கார்ந்திருந்த தெருப் பூனை இறங்கி ஓடிவிட்டது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் அப்பாவின் தோள் குலுங்கியது. பிறகு ரஸ்க்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர்கள் சேர்ந்து சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சிரிக்கச் சிரிக்கக் காற்றும் போனது, வலியும் மெல்லத் தணிந்தது. "சட்டியா கொட்டிட்டியே ரஸ்க்கு" என்றார் அப்பா. மறுபடி சிரித்தார்.

திங்கட்கிழமை ரொட்டியோடு ஒரே ஒரு ஸ்பூன் தவிடு. கூடவே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் ரஸ்க்கு அப்பாவின் சுண்டுவிரலை விடவேயில்லை. விரல் சிவந்துவிட்டது. டாக்டரம்மா தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"எல்லாம் சரியா இருக்கு."

ரஸ்க்கு அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். டாக்டரம்மா சொன்னார். சூப் கதையைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேனே என்றார்.

"எனக்குக் கேக்கலை," என்றாள் ரஸ்க்கு.

"எனக்கும்தான்," என்றார் அப்பா.

வாரம் இரண்டு ஓடின. ஸ்பூன் இரண்டாகி, பயறு ஒரு பிடியாகி, பேக்கரி அடுப்பில் தவிடு சேர்த்த பழுப்பு ரொட்டி ஒன்று தனியாக வெந்தது. குடை ஆணியில் தொங்கியது. ஷூ பிரஷ் கட்டிலடிக்குப் போனது. கூடையில் வெங்காயமும் கீரைக்கட்டும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வந்து உட்கார்ந்தன.

அந்த வெள்ளிக்கிழமை ரஸ்க்கு பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா கழிப்பறைக்குள் போய்க்கொண்டிருந்தார். கதவு சாத்திக்கொண்டது. குழாய் ஓடவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, நோட்டை விரித்து, பென்சிலைக் கூராக்கி, முதல் கணக்கின் கேள்வியை எழுத ஆரம்பித்தாள்.

எழுதி முடிப்பதற்குள் கதவு திறந்தது. அப்பா சீட்டியடித்துக்கொண்டே வெளியே வந்தார்.