கூஜாவுக்கு விழுந்த ஓட்டு

ஸ்ரீவராகம் குடியிருப்போர் சங்கத் தேர்தலில் சீதாலக்ஷ்மியின் கூஜா சின்னத்துக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. அது அவளே போட்டது.

தெருவை ஹோட்டல் கம்பெனிக்கு விற்கக் கூடாது என்று நின்றவள் அவள். வீடு வீடாகப் போனபோது எல்லோரும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, "ஓட்டு உங்களுக்குத்தான் மாமி" என்று சத்தியம் செய்தார்கள். அப்படியிருக்க ஒரு ஓட்டா? வாடகைக்கு எடுத்த மெஷினில் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று மறு எண்ணிக்கை கேட்டாள்.

மழையில் இருண்டுபோன சாயங்காலம், ஈரச் சாக்கு நாற்றமும் கரப்பான் வாடையும் அடித்த சங்க ஹாலில், தேர்தல் அதிகாரி ஷாஜி பெட்டியின் அரக்கு முத்திரையை உடைத்து, ஒவ்வொரு ஓட்டுக்கும் மெஷின் அச்சடித்து உள்ளே தள்ளியிருந்த காகிதச் சீட்டுகளை எடுத்து விளக்கடியில் பிடித்துக் காட்டினார். எதிராளியின் சாவி சின்னம். சாவி. மறுபடியும் சாவி. மேஜைமேல் சீட்டு விழும் சத்தம், சருகுக்குள் ஏதோ ஊர்ந்து வருவதுபோல அவள் பக்கமாக நகர்ந்து வந்தது.

கடைசியில் ஒரு கூஜா.

"மாடம், மெஷின் கரெக்டாணு," என்றார் ஷாஜி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அப்படியானால் பொய் சொன்னது மெஷின் இல்லை.

வீட்டில் கரண்ட் இல்லை. இருட்டில் உட்கார்ந்திருந்தார் கணவர் ஆனந்தகிருஷ்ணன்.

"வருத்தப்படாதே சீதே. அந்த ஒண்ணு என்னோடதாக்கும்."

வாசல் கதவு முனகியது. எதிர்வீட்டு லீலாபாய் உள்ளே வந்தாள், புடவையிலிருந்து தண்ணீர் சொட்ட.

"மாமி, அந்த ஒண்ணு என்னோடதாக்கும்."

அதே இதம். அதே இழுப்பு. அவள் பின்னால் அடுத்த வீட்டு சுப்பு. அவருக்குப் பின்னால் இன்னும் யார் யாரோ. ஈரக் கால்கள். மூச்சுச் சத்தம். என்னோடதாக்கும். என்னோடதாக்கும். யாரோ தாழ்ப்பாளைப் போட்டார்கள்.

சீதாலக்ஷ்மி பின்வாங்கினாள். மகள் சுப்ரியாவின் கையைத் துழாவினாள். கிடைத்தது. இறுகப் பற்றிக்கொண்டாள்.

"சுப்ரியா... நீயாவது..."

யாரோ ஃபோன் வெளிச்சத்தை உயர்த்தினார்கள். கூடம் நிறைய முகங்கள். எல்லா முகத்திலும் ஒரே சிரிப்பு. அவள் பிடித்திருந்த கைக்கு மேலேயும்.

"அம்மா, அந்த ஒண்ணு என்னோடதாக்கும்."

உதறினாள். கை விடவில்லை.