வெறும் வயிற்றில் கேட்ட குயில்

மாய்மு இறைத்த வாற்கோதுமையைத் தின்ன ஒரு பறவையும் இறங்கவில்லை.

மே மாதம் பாதி ஓடிவிட்டது. முற்றத்தில் இன்னும் கணுக்கால் அளவு பனி. ஏரி ஓரங்களில் மட்டும் கறுத்து, நடுவில் வெள்ளைத் தகடாகக் கிடந்தது. தெற்கேயிருந்து வசந்தத்தை நம்பி வந்த பறவைகளெல்லாம் பஞ்சத்தில் மாட்டிக்கொண்டு, போன வாரம் வரைக்கும் கோழிகளின் காலுக்கிடையில் புகுந்து தீனியைத் திருடித் தின்றுகொண்டிருந்தன. இப்போது பூங்குருவிகளும் மைனாக்களும் சிட்டுகளும் வேலி நெடுக இறகை உப்பவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கீழே தானியம் கிடக்கிறது, வயிறு ஒட்டிப்போயிருக்கிறது. ஆனாலும் அத்தனையும் ஒரே திசையில், ஏரிக்கரையில் நீராவிக் குளியலுக்கென்று கட்டியிருந்த சவுனாக் குடிலையே பார்த்துக்கொண்டிருந்தன.

குடிலின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. கோழிகள் அங்கேதான் இருந்தன. அவளுடைய கணவன் ஹெய்னோவும் அங்கேதான் இருந்தான்.

அந்தச் சவுனாவால்தான் வந்தது வினை. பழைய கோழிக்கொட்டகையில் தண்ணீர்த் தொட்டி உறைந்து வெடித்ததும், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அத்தனை கோழிகளையும் சாக்கில் அள்ளிக்கொண்டு போய்ச் சவுனாவில் விட்டுவிட்டான் மனிதன். அதுவும் சனிக்கிழமை, அவள் குளிக்கத் தண்ணீர் சுமந்து வைத்த நாளில். துண்டும் கையுமாகக் கதவைத் திறந்தவளை உள்ளே உட்காரும் பலகையின் மேல்படியிலிருந்து சேவல் முறைத்தது.

"குளிக்கிற எடத்துல கோழியா? ஒன்ன ஒங்கம்மா பெத்துப்போட்ட எடம்யா இது! செத்தவங்களக் கழுவுற எடம்!"

"அம்மா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. அவளுக்கும் கோழின்னா உசுரு."

சவுனாவுக்குள் யாரும் குரலை உயர்த்துவதில்லை. கோயிலில் இருப்பதுபோல்தான் இருப்பார்கள். அதற்குள் நின்றுகொண்டே மாய்மு தொண்டை கிழியக் கத்தினாள். புகையேறிக் கறுத்த சுவர்கள் அத்தனையையும் கேட்டுக்கொண்டன.

மறுநாள் காலையிலும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. அந்த ஊரில் பனி உருகும் காலத்தில் வெறும் வயிற்றோடு யாரும் வாசல் தாண்ட மாட்டார்கள். எழுந்ததும் ஒரு வாய் கறுப்பு ரொட்டியாவது மென்றுவிட்டுத்தான் வெளியே கால் வைப்பார்கள். இல்லாவிட்டால் வந்திறங்கிய பறவை தன் குரலால் அந்த ஆளை ஏமாற்றிவிடும். ஏமாந்தவன் அந்த வருஷத்துக்கு அவனாக இருக்க மாட்டான். ஹெய்னோ இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து மாய்முதான் அவன் வாயில் ரொட்டியைத் திணித்து அனுப்புவாள். அன்றைக்கு அவன் வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றான். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு பாத்திரத்தைத் தேய்த்தாள். ஒரு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் செத்துவிட மாட்டான் என்று நினைத்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. உடனே குயில் கூவியது.

ஒற்றை இலைகூட விடாத மரங்களுக்கு நடுவே, சவுனாக் கூரையின் மேலிருந்து, குக்கூ, குக்கூ என்று நிறுத்தி நிதானமாகக் கூவியது. ஹெய்னோ முற்றத்தின் நடுவில் நின்று, ஜன்னல் வழியாக அவளைப் பார்த்து, தன் வயிற்றைத் தட்டிக்காட்டிச் சிரித்தான். அவள் ரொட்டியை எடுத்துக்கொண்டு செருப்புக்கூட இல்லாமல் பனியில் ஓடினாள். அவனும் வாங்கி நல்லபிள்ளையாக மென்றான். கேட்டு முடித்த பிறகு மென்று என்ன பிரயோசனம்?

அன்று ராத்திரியே அவன் கம்பளியை எடுத்துக்கொண்டு சவுனாவுக்குப் போய்விட்டான். கோழிகளைக் குளிரில் தனியாக விடக் கூடாதாம். முதலில் சாப்பாட்டுக்கு மட்டும் வந்தான். மேசையில் உட்கார்ந்து அவளை நேராகப் பார்க்காமல், தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். அந்தக் கண் இமைக்கவில்லை. பிறகு சாப்பாட்டுக்கும் வருவதில்லை.

பறவைகள் தீனியைத் தொடாத அன்று மத்தியானம் பக்கத்துப் பண்ணை சல்மே பனிச்சறுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எழுபதைத் தாண்டியும் வாய் ஓயாதவள்.

"முட்ட இருக்காடி?"

"போடுறதில்ல."

"ஒன் ஆளு எங்க? தலையே காணோம்."

"கோழியோட இருக்கான்."

"இந்த வயசுல அவனுக்குப் புதுக் குடும்பமா? விட்டுட்டியா நீயும்!" சல்மே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏண்டி, ஞாயித்துக்கெழம, மரமெல்லாம் மொட்டையா நிக்கிறப்பவே குயில் கூவுச்சே, கேட்டியா? எல துளுக்குறதுக்கு முந்தி அது கூவுனா கெட்டதுல்ல. அவனுக்கு ஊட்டித்தான அனுப்புன?"

சொல்லிவிடலாம் என்று மாய்முவுக்கு நெஞ்சுவரை வந்தது. கட்டின புருஷனைக் கோபத்தில் வெறும் வயிற்றோடு அனுப்பினேன் என்று எந்த வாயால் சொல்வது?

"ஊட்டுனேன்."

"அப்ப சரி. அப்ப ஒண்ணும் பயமில்ல."

சல்மே போன பிறகு முற்றம் இன்னும் அமைதியாகிவிட்டது. வேலியிலிருந்த மைனா ஒன்று, குளிரோ பசியோ, பொத்தென்று பனியில் விழுந்தது. ஒரு சிறகு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. சவுனாவிலிருந்து கோழிகள் வந்தன. ஓடி வரவில்லை, வரிசையாக நடந்து வந்தன. உயிரோடு இருக்கும்போதே அதைக் கிழித்தன. ஒன்று சிறகைப் பிய்த்தது, ஒன்று குடலை இழுத்தது, செம்பட்டைக் கோழி அதன் தலையைத் திருகித் திருகி எடுத்தது. கோழிக்கு இறைச்சி பிடிக்கும், எலி கிடைத்தாலும் விடாது. அது மாய்முவுக்குப் புதிதல்ல.

ஆனால் அவை தின்னவில்லை. ஆளுக்கொரு துண்டை அலகில் கவ்வியபடி, ஒன்றின் பின் ஒன்றாக, உள்ளே கொண்டுபோயின.

கோழி தின்னும். யாருக்கும் கொண்டுபோகாது.

மாய்முவின் கால்கள் தானாகப் பின்னுக்கு நகர்ந்தன. அப்போது ஹெய்னோ வெளியே வந்தான். பனியில் கிடந்த மிச்ச இறகுகளைக் குனிந்து பொறுக்கினான். குனிந்தவனின் முதுகில் கம்பளிச் சட்டை கந்தலாகியிருந்தது. கந்தலுக்குள் தோல் இல்லை. உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக, ஈரமாக, ஓரமெல்லாம் கொத்துப்பட்டுக் கிடந்தது.

"ஹெய்னோ! முதுகுய்யா! என்ன ஆச்சு முதுகுல?"

அவன் தலையைச் சாய்த்தான். அதே ஒற்றைக் கண்.

"பசிக்குது மாய்மு. இந்தக் குளிர்ல வெளிய எதுவும் கெடைக்கல."

"வா, வீட்டுக்கு வா. சூடா சூப்பு வச்சிருக்கேன்."

"எனக்கில்ல," என்றான் பொறுமையாக. இறகுகளை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அவள் அழுதாள். அடுப்பின் முன்னால் நின்று வாய்விட்டு அழுதாள். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவன், முரடன், கேலிக்காரன், அவளுடைய ஆள். அவனை அந்த இருட்டில் விட்டுவிட முடியாது. கோழிகளை ஒன்று விடாமல் வெட்டிப்போட்டுவிட்டு அவனைத் தரதரவென்று இழுத்து வருவதென்று முடிவு செய்தாள். விறகுக் கோடரியைக் கையில் எடுத்தாள்.

வடக்கு நாட்டு மே மாதம் என்பதால் சாயங்கால வெளிச்சம் மங்கவேயில்லை. பனியெல்லாம் சாம்பல் நீலமாக இருந்தது. சவுனாக் கதவை நெருங்க நெருங்கப் பழைய புகை வாடையும், குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்ளும் உலர்ந்த பிர்ச் இலைக் கட்டுகளின் வாடையும், நனைந்த இறகின் வாடையும் வந்தன. அதற்கடியில் கசாப்புக்கடை வாடை. உள்ளே கொக்கரிப்பு இல்லை. ஈரத் துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம். நின்றது. மறுபடி கிழிந்தது.

கதவை உதைத்தாள்.

வாசலில் சேவல். கோடரியை ஓங்கி இறக்கினாள். தலை ஒரு பக்கம் போயிற்று, உடல் அவள் காலைச் சுற்றி ரத்தம் பீய்ச்சிக்கொண்டு ஓடியது. அடுத்ததை வெட்டினாள். அதற்கடுத்ததை. எலும்பு நொறுங்கியது கைப்பிடி வழியாகத் தெரிந்தது. முகத்தில் சூடாகத் தெறித்தது. அவள் கத்திக்கொண்டே வெட்டினாள்.

மற்ற கோழிகள் ஒதுங்கவில்லை. பதறவில்லை. அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவற்றுக்கு வேலை இருந்தது.

கண் இருட்டுக்குப் பழகியது. மேல்படியில் ஹெய்னோ. குந்தி உட்கார்ந்திருந்தான். சட்டை இல்லை. கைகளைச் சிறகுபோல் விரித்து, கம்பளியால் எதையோ மூடி அடைகாத்துக்கொண்டிருந்தான். அவன் முதுகில் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. வெள்ளையாக. எண்ணிவிடலாம்போல. ஒரு கோழி எட்டி அந்த முதுகில் கொத்தியது. இழுத்தது. கிழிந்தது. அந்தத் துண்டைக் கவ்விக்கொண்டு அவன் மடிப்பக்கம் இறங்கியது.

கம்பளி விலகியது.

உள்ளே ஒரு வாய் திறந்தது. தோல் மட்டும் போர்த்திய, இறகு முளைக்காத ஏதோ ஒரு குஞ்சின் வாய். வாளி அகலம். உட்புறமெல்லாம் ஆரஞ்சுச் சிவப்பு. கோழி துண்டை அதில் போட்டது. வாய் மூடியது. விழுங்கியது. மறுபடி திறந்தது.

"மெல்ல, மெல்ல," என்றான் ஹெய்னோ. குரலில் வலி இல்லை. அப்படியொரு பாசம். இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

"ஹெய்னோ."

அவன் நிமிர்ந்தான். உதடெல்லாம் வெளுத்திருந்தது. முகம் பூரித்திருந்தது.

"வந்துட்டியா? பாரேன் மாய்மு. இப்பதான் கண்ணு தொறந்துருக்கு."

கம்பளிக்கடியில் இரண்டு கண்கள். ஈரமாக. அவளைப் பார்த்தன.

வாய் அவள் பக்கமாகத் திரும்பியது. இன்னும் அகலமாகத் திறந்தது.

கோழிகள் கொத்துவதை நிறுத்தின. ஒவ்வொன்றாகப் படியிறங்கி வந்தன.