சலோமி நடந்தால்தான் வசனம் வரும்

சலோமிக்கு ஒரு விசித்திரமான வியாதி இருந்தது. டாக்டர் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவளுடைய தம்பி ஜெயபாலன்தான் சொன்னான்.

"அக்கா நடந்தா வசனம் வருது. நின்னா நின்னுடுது. இது வியாதிதானே அப்பா?"

அப்பா நல்லையா பஸ் ஓட்டுகிறவர். "என் பஸ்ஸுக்கும் அதே வியாதிதான்டா. நின்னா மறுபடி கிளம்பாது" என்றார்.

அந்த வியாதி எப்படி வந்தது தெரியுமா? திங்கட்கிழமை காலையில் தலை பின்னும்போது, அம்மா சலோமிக்கு ஒரு வேத வசனம் சொல்லிக்கொடுப்பாள். வாரத்துக்கு ஒன்றே ஒன்று. சலோமி அதைச் சொல்லிக்கொண்டே காஜா பெராங் ரோட்டில் பள்ளிக்கூடத்துக்கு நடப்பாள். வழியில் பொருத்தமான ஓர் இடம் பார்த்து, கூடையை இறக்கி வைப்பதுபோல வசனத்தை அங்கே வைத்துவிடுவாள். மறுநாள் போனால் அது அங்கேயே இருக்கும்.

இப்படியே வேதாகமத்தின் நூற்று இருபத்தொன்றாம் சங்கீதத்தின் எட்டு வசனங்களும் எட்டு வாரத்தில் ரோட்டில் ஏறிவிட்டன.

மலைகளைப் பார்க்கிற வசனம் வீட்டு வாசலில். அங்கிருந்து புக்கிட் சீனா குன்று தெரியும். வானத்தையும் பூமியையும் உண்டாக்கியவரைப் பற்றிய வசனம் இப்ராஹீம் மாமா கடையில். அந்தக் கடையில் இல்லாத சாமானே கிடையாது! கால் சறுக்காது என்ற வசனம் பெரிய சாக்கடையின் ஒற்றைப் பலகைமேல். காக்கிறவர் தூங்கமாட்டார் என்ற வசனம், கிடங்கு வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுக் குறட்டை விடும் காவலாளிக்குப் பக்கத்தில். நிழலுக்கு ஒரு மரம், வெயிலுக்கு ஒரு திடல். தீமை அண்டாது என்ற வசனம் மட்டும் வெள்ளை வாத்துகள் துரத்துகிற சந்தில் இருந்தது. அதை எப்போதும் ஓடிக்கொண்டேதான் சொல்வாள். கடைசி வசனம் பள்ளிக்கூட வாசலில்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லார் முன்னாலும் நின்று சொல்லச் சொன்னார்கள். மூன்றாவது வசனத்தோடு நின்றுவிட்டது. சலோமியின் கால்கள் தானாகவே இருந்த இடத்தில் நடக்க ஆரம்பித்தன. இடது, வலது, இடது, வலது.

"என்னம்மா, அவசரமா வெளியே போகணுமா?" என்று கோகிலா டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

கோயிலே சிரித்தது. சலோமிக்கு மானமே போய்விட்டது.

அது ஜூன் மாதம். ஆகஸ்ட்டில் ஊரெங்கும் மெர்டேக்கா விழாவுக்கு அலங்கார வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசியில் நாடு சுதந்திரம் அடையப்போகிறது. அந்த நேரம் பார்த்துத்தானா அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் வரவேண்டும்?

ஆபரேஷன் முடிந்த மறுநாள் நாலு மணிக்கு அப்பா சலோமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா மல்லாந்து படுத்திருந்தாள். இரண்டு கண்களிலும் கட்டு. தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் பைகள்.

வெள்ளை உடுப்புப் போட்ட மிஸ்ஸி அப்பாவை ஓரமாக அழைத்தார். ஆஸ்பத்திரியில் தாதிகளை மிஸ்ஸி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

"பத்து நாளைக்குத் தலை அசையக் கூடாது. அழவும் கூடாது. அழுதா தையல் கெட்டுப் போகும், அப்புறம் அந்தக் கண்ணுக்கு நான் பொறுப்பில்ல. உங்க வீட்டம்மா காலையிலேருந்து விசும்பிக்கிட்டே இருக்காங்க. சமாதானப்படுத்துங்க."

அப்பாவுக்குப் பஸ்ஸைச் சமாதானப்படுத்தத்தான் தெரியும். "அழாத, அழாத" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"அம்மா" என்று சலோமி கூப்பிட்டாள்.

"வந்துட்டியா பாப்பா?" அம்மாவின் கை காற்றில் தேடி அவள் விரல்களைப் பிடித்தது. "ரொம்ப இருட்டா இருக்குடி. பயத்துல எனக்கு ஒரு வசனம்கூட ஞாபகம் வரல. எல்லாம் ஓடிப்போச்சு. நீ சொல்லேன், நம்ம சங்கீதத்தை."

சலோமி ஆரம்பித்தாள். ஒன்று வந்தது. இரண்டு வந்தது. மூன்றும் வந்தது.

அவ்வளவுதான். நின்றுவிட்டது.

கட்டில்களுக்கு நடுவில் நடந்து பார்த்தாள். டக், டக், டக் என்று செருப்பு சத்தம் போட்டது.

"ஏய், இது ஆஸ்பத்திரியா, விளையாடுற பாடாங்கா? ஒரு இடத்துல உட்காரு!" என்று மிஸ்ஸி அதட்டினார்.

சலோமி உட்கார்ந்தாள். அம்மாவின் உதடு நடுங்கியது. கட்டுக்குக் கீழே மூக்கு சிவந்தது. ஐயோ, அழப்போகிறாள்! ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் வந்தாலும் போச்சு.

சலோமி சட்டென்று அம்மாவின் கையைத் திருப்பினாள். உள்ளங்கையில் தன் இரண்டு விரல்களை நிறுத்தினாள். இந்தக் கால்களுக்குச் செருப்பு இல்லை, சத்தமும் வராது.

"அம்மா, வா. ஸ்கூலுக்குப் போவோம்."

"என்னடி சொல்ற?"

"கேட்டைத் திறந்தாச்சு. அதோ புக்கிட் சீனா. புல்லெல்லாம் பச்சைப்பசேல்னு இருக்கு." இரண்டு விரல்களும் நடக்கத் தொடங்கின. முதல் வசனம் வந்தது. "இது இப்ராஹீம் மாமா கடை. வாசல் பூரா காகிதக் கொடி கட்டியிருக்காரும்மா. மூணு கொடி தலைகீழா தொங்குது. நீ பார்த்திருந்தா ஏணி போட்டு ஏறியிருப்ப."

அம்மாவின் உதடு நடுங்குவதை நிறுத்தியது.

"பலகை வந்துடுச்சு. மெதுவா கால் வை." விரல்கள் அம்மாவின் மணிக்கட்டைத் தாண்டின. மூன்றாம் வசனம் வந்தது. "இப்போ யாரு கட்டில்?"

"காவக்காரர்தானே?" என்றாள் அம்மா. "தூங்குறாரா?"

"கொர்ர்ர்" என்றாள் சலோமி.

அதைக் கேட்டதும் நான்காம் வசனத்தை அம்மாவே சொன்னாள். முழுசாக, ஒரு சொல் விடாமல்.

"சிரிக்காதம்மா! தலை ஆடும்!"

"சிரிக்கல, சிரிக்கல. நட."

அவர்கள் நடந்தார்கள். ஜன்னல் வழியே வந்த காற்றில் வெள்ளைத் திரை மெல்ல ஆடியது. ஆஸ்பத்திரி எங்கோ தள்ளிப் போய்விட்டது. மர நிழல் அம்மாவின் முழங்கைமேல் குளிர்ச்சியாக விழுந்தது. புதிதாகக் கட்டிய வளைவின் கீழே போனார்கள். அதில் சிவப்பு, நீலம், மஞ்சள் பல்புகள் மாட்டியிருந்தன. "பகல்லயும் எரியுதாடி?" என்று அம்மா கேட்டாள். "நமக்காக எரியுது" என்றாள் சலோமி. திடலில் வெயில் பளபளத்தது. வாத்துச் சந்தில் விரல்கள் தலைதெறிக்க ஓடின. பள்ளிக்கூட வாசல் அம்மாவின் தோளில் இருந்தது. போகும்போதும் வரும்போதும் காக்கிறவரைப் பற்றிய கடைசி வசனத்தை இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள்.

மிஸ்ஸி வந்து குனிந்து பார்த்தார். "கட்டு காஞ்சே இருக்கு. பரவாயில்லையே!"

அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. "பாப்பா, அந்த வாத்து கடிச்சுதா இல்லியா?"

அங்கே பொன்னம்மா என்றொரு அம்மாள் படுத்திருந்தார். பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அவர் கண்களிலும் கட்டு.

"கடிக்கல அத்தை."

"நல்ல வேளை. நானும் உங்க கூடவே ஓடிவந்தேன், மூச்சு வாங்குது. நாளைக்கு எங்க ஊர்ப் பக்கம் கூட்டிட்டுப் போறியா? ஏரோப்பிளேன் எறங்குற எடம் வரைக்கும்? ஆறு மைல்தான். வீட்டைப் பார்த்து நாளாச்சு."

"எனக்கு அந்த ரோடு தெரியாதே அத்தை."

"ரோட்டை நான் சொல்றேன். நீ வசனத்தைக் கொண்டா."

வீட்டுக்கு வந்ததும் சலோமி அலமாரியிலிருந்து வேதாகமத்தை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தாள்.

"அப்பா, ஆறு மைலுக்கு வர்ற மாதிரி ஒரு சங்கீதம் இருக்கா?"

அப்பா பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதோ. நூற்று எழுபத்தாறு வசனம்."

"அம்மாடி! அது பினாங்கு வரைக்கும் போகுமே!"

"தினம் எட்டு போதும். ஒவ்வொரு ஸ்டாப்பா நிறுத்தி நிறுத்திப் போ" என்றார் பஸ் ஓட்டுகிறவர்.

அன்றிலிருந்து காலையில் எட்டு வசனம் படிப்பாள். நாலு மணிக்கு அவற்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாள். பொன்னம்மா வழி சொல்லுவார். இது ரப்பர் காடு, இது பால் நிறுக்கிற கொட்டகை, இது என் வீட்டு வாழைமரம். அம்மா ஒரு பக்கம், பொன்னம்மா ஒரு பக்கம். நடுவில் உட்கார்ந்து சலோமி இரண்டு கைகளிலும் நடப்பாள். தப்பு விட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் திருத்தினார்கள். நாலைந்து நாள் போனதும் ரோடு இல்லாமலேகூட வசனம் வந்தது. ஆனாலும் அவள் நடந்தாள்.

பத்தாம் நாள் டாக்டர் அம்மாவின் கட்டைப் பிரித்தார். கையை உயர்த்திக் காட்டினார்.

"எத்தனை விரல்?"

அம்மா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தாள். "மூணு. அப்புறம், நகம் வெட்டி ரொம்ப நாளாச்சு போல."

டாக்டர் கையைச் சட்டென்று பைக்குள் விட்டுக்கொண்டார். சலோமிக்கு வந்த சந்தோஷத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அம்மாவின் துணிகளை அப்பா பையில் எடுத்து வைத்தார். "கிளம்பலாமா? நேரமாச்சு."

அம்மா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆன பொன்னம்மாவின் கட்டைப் பிரிக்க இன்னும் நாலு நாள் இருந்தது.

"இன்னிக்கு எட்டு வசனமும் இன்னும் சொல்லலியே அப்பா" என்றாள் சலோமி.

அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நேத்து எந்த இடத்துல விட்டோம்?"

பொன்னம்மா அதற்குள் உள்ளங்கையை நீட்டி வைத்திருந்தார்.